இன்சீனுக்கு ஒரு கூடை

ஐப்பசியில் அடைமழை என்பார்கள். என் அப்பாவும் ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் பிறந்ததும் இதைச் சொல்லுவார். சொல்லிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தால் யாங்கோன் வானம் கழுவித் துடைத்த தட்டுப் போல இருக்கும். எங்கள் ஊரில் ஐப்பசிதான் மழை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும் மாதம். அதற்காக அப்பா தன் பழமொழியை விட்டுக்கொடுத்ததில்லை. "ஊருல பெய்யும்" என்பார். அந்த ஊரை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

என் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் இந்தப் பருவத்துக்கு வேறு படம். மரமெல்லாம் சிவந்து, தரையெல்லாம் இலையாக, குல்லாப் போட்ட இரண்டு பிள்ளைகள் அதை வாரி இறைக்கிறார்கள். "இது நம்ம ஊருக்கு எப்பம்மா வரும்?" என்று ஐந்து வயது மகன் கேட்டான். "நம்ம ஊருல இலை உதிராது, சுண்ணாம்புதான் உதிரும்" என்றேன். பொய்யில்லை. ஐந்து மாத மழையில் ஊறிய எங்கள் வீட்டுச் சுவர், வெயில் கண்டதும் பொருக்குப் பொருக்காகக் கொட்டும். அதைக் கூட்டி அள்ளுவது என் மகளுக்குப் பிடித்த வேலை. வருடத்தின் மற்ற நாட்களில் துடைப்பம் எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. நான் சொல்லப்போகும் வருடத்தில் அவளுக்கு வயது ஏழு.

நாங்கள் இருப்பது மிங்கலா தாங்ஞுன்டில் ஒரு நாலாம் மாடி. லிப்ட் கிடையாது. என் கணவர் பர்மியர், புத்தர் கோயிலுக்குப் போகிறவர். லான்மடாவில் ஒரு சிறிய கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறார். நான் தமிழச்சி, முருகன் கோயிலுக்குப் போகிறவள். அதே தெருவில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறேன். பிள்ளைகள் அவரைப் பர்மிய வழக்கப்படி 'பேபே' என்று கூப்பிடுவார்கள். என்னை 'மேமே' என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மா என்றால்தான் சோறு. இந்த ஒரு விஷயத்தில் நான் பிடித்த பிடி விட்டதில்லை. மற்ற விஷயங்களிலும் விட்டதில்லை என்று என் கணவர் சொல்கிறார். அவர் பர்மியில்தான் பேசுவார். நான் தமிழில் எழுதிக்கொண்டு போகிறேன்.

மழை விட்டதும் பிள்ளை பெற்றவர்களுக்கு இந்த ஊரில் மூச்சுவிட நேரமிருக்காது. பள்ளிக்கூடம் சில நாட்கள் லீவு. மெத்தையும் தலையணையும் பால்கனிக்கு வரும். மொட்டை மாடியில் பட்டம். ஏரிக்கரையில் ஒரு நாள், மிருகக்காட்சிச்சாலையில் ஒரு நாள். நடுவில் கரண்டு போனால் அதுவும் ஒரு விளையாட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தச் சாக்கு. ஏனென்றால் இது விளக்கு மாதம். பௌர்ணமிக்கு அவருடைய பண்டிகை, தடின்ஜுட். பிக்குகளின் மழைக்கால நோன்பு முடிகிற நாள். தெருவெல்லாம் மெழுகுவர்த்தியும் காகித விளக்கும். சரியாகப் பதினைந்து நாள் கழித்து அமாவாசைக்கு எங்கள் தீபாவளி. முதல் பண்டிகையில் மிஞ்சிய மெழுகுவர்த்தி இரண்டாவதற்கு ஆகும். கலப்புக் கல்யாணத்தில் இப்படிச் சில லாபங்களும் உண்டு.

அந்த வருடம் மகள் மீன் வடிவத்தில் ஒரு காகித விளக்கு செய்தாள். மூங்கில் சிம்பு வளைத்து, சிவப்புக் காகிதம் ஒட்டி, வால் மட்டும் பெரிதாக. ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, தீபாவளிக்கு மாமா வருவாரா?"

பசையை மூடி வை, காய்ந்துவிடும் என்றேன்.

மாமா என்றால் என் அண்ணன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஊரின் வடக்குக் கோடியில், இன்சீனில், ரயில் பட்டறையில் வெல்டர். அப்பாவும் அங்கேதான் இருந்தார், அப்பாவின் அப்பாவும் அங்கேதான். எனக்குப் பதினொரு வயதில் அப்பா போனபோது அண்ணன் படிப்பை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனார். நான் படித்தேன். நான் பர்மியரைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது இரண்டு நாள் பேசாமல் இருந்தார், மூன்றாம் நாள், "அவன் குடிப்பானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப சரி" என்று கல்யாண வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் விடிவதற்கு முன் அவரும் அண்ணியும் நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு எங்கள் நாலு மாடியும் ஏறி வருவார்கள். என் பிள்ளைகள் தலையில் முதல் எண்ணெய் வைப்பது அவர் கைதான். மகள் பிறந்த வருடத்திலிருந்து அப்படித்தான்.

அந்தக் கோடையில் அது அறுந்துபோயிற்று. அறுத்தது என் வாய்.

நடந்தது இதுதான். பர்மியக் குடும்பங்களில் பையன்களைக் கொஞ்ச நாள் துறவியாக்கும் சடங்கு நடக்கும்போது, கூடவே பெண் பிள்ளைகளுக்குக் காது குத்துவார்கள். ஏப்ரல் லீவில் என் கணவரின் அண்ணன் தன் பையன்களுக்குச் சடங்கு வைத்தார். அதோடு சேர்த்து எங்கள் மகளுக்கும் காது குத்திவிடலாம் என்றார்கள். எனக்கும் சம்மதம். ஆனால் நம் வழக்கத்தில் தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்து கிடையாது. நான் அதைச் சொன்னேன். அவர்கள் தாராளமாகச் சரி என்றார்கள். மாமன் மடியில் உட்காரட்டும், எங்களுக்கு என்ன நஷ்டம் என்றார்கள். அண்ணனிடம் சொன்னேன்: "சனிக்கிழமை ஒம்பது மணிக்கு ஊசி எடுப்பாங்க அண்ணே, வந்துருங்க." அவர் சின்னதாக ஒரு ஜோடித் தோடு செய்து வைத்திருந்தார். அது அவள் பிறந்தபோதே செய்தது என்று பிறகு அண்ணி சொல்லித்தான் தெரியும்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அண்ணன் வரவில்லை. ஒன்பதேகாலுக்கும் வரவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. சடங்கு நடத்துகிறவர் இரண்டு தடவை, மாமன் எங்கே என்று கேட்டார். மகள் பட்டுடுத்தி, தலையில் பூக்கிரீடம் வைத்து, பயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. பிறகு என் நாத்தனார் அவளை மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி எடுத்தார்கள். முடிந்தது.

அண்ணன் வந்தபோது மணி பத்தே முக்கால். பிக்குகள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் தாம்பாளம், அதில் தேங்காய், பழம், பாவாடைத் துணி, அந்தத் தோட்டுப் பெட்டி. பின்னால் அண்ணி. குழந்தையின் காதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஒன்றேமுக்கால் மணி நேரமாகக் கொதித்துக்கொண்டிருந்தவள். கூட்டத்தின் நடுவில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்: "ஒரு ஓட்டைதானே அண்ணே, போட்டாச்சு. போய்ச் சாப்பிடுங்க."

"சரிம்மா" என்றார். தாம்பாளத்தைத் தரையில் வைத்தார். தோட்டுப் பெட்டியை மட்டும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் ஒரு போன் இல்லை. அவரும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. எனக்கும் நியாயம் இருந்தது. வரச் சொன்ன நேரத்துக்கு வராதவர் அவர். வேண்டுமென்றேதான் வரவில்லை, பர்மியச் சடங்கு அவருக்கு இளப்பம், அதுதான் ஆடி அசைந்து வந்தார் என்று நான் தீர்மானித்துவிட்டேன். தீர்மானம் செய்வதில் நான் கெட்டிக்காரி. ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போதெல்லாம் அந்த 'சரிம்மா' காதில் கேட்கும். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறுநாள் சமாதானமாகியிருப்பேன்.

தடின்ஜுட் வந்தது. இந்தப் பண்டிகையில் விளக்கைவிடப் பெரியது கடாவ். சின்னவர்கள் பெரியவர்களைத் தேடிப் போய், கூடை கொடுத்து, மண்டியிட்டு மூன்று தடவை குனிந்து வணங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வெறும் வணக்கம் இல்லை. உடலாலும் வாக்காலும் மனத்தாலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது. கேட்டால் பெரியவர்கள் பொறுத்தாக வேண்டும், வாழ்த்தியாக வேண்டும். நான் வருடா வருடம் என் கணவரின் அண்ணனுக்கு, அத்தைக்கு, அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவருக்கு என்று வரிசையாக மண்டியிட்டு வருகிறேன். என் அண்ணனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "மூணு தரம் எதுக்குக் குனியணும்? நமக்கு ஒரு தரம் போதும்" என்பார்.

அந்த வருடமும் எல்லா வீட்டுக்கும் போய் வந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் மேசையில் இன்னும் ஒரு கூடை இருந்தது. வாழைப்பழம், காப்பித்தூள் பாக்கெட், துண்டு, ஒரு ஆம்பிளை லுங்கி, ஒரு டின் பிஸ்கட். மேலே கண்ணாடித் தாள் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தது.

"இது யாருக்கு?" என்று என் கணவரைக் கேட்டேன்.

"இன்சீனுக்கு."

"அவரு இதெல்லாம் ஏத்துக்க மாட்டாரு. சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். நல்லதுதானே."

"ஒம்பது மணின்னு சொல்லியும் வராதது யாரு? நான் எதுக்குப் போய்க் குனியணும்?"

"நீ குனிய வேண்டாம். அவர் எனக்கும் அண்ணன். நான் கும்பிடப் போகிறேன். பிள்ளைகள் வருகிறார்கள். நீ வேண்டுமானால் வீட்டில் இரு, தலையணை காயவை." இதைச் சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடி துடைக்க ஆரம்பித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பதினைந்து நாளில் தீபாவளி. மகள் மீன் விளக்கை ஒரு பையில் போட்டுக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நான் தலை வாரிக்கொண்டேன்.

ஊரைச் சுற்றும் வட்ட ரயிலில் போனோம். மத்தியான ரயில். மகனுக்கு அதில் ஒரு பெரிய ஆசை உண்டு: எங்கேயும் இறங்காமல் முழுச் சுற்றும் சுற்றி, ஏறின இடத்திலேயே வந்து இறங்க வேண்டும். அதற்கு மூன்று மணி நேரம் ஆகும், அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டால், "திரும்பி வந்துருவோம்ல" என்பான். இன்சீனில் இறங்கப் போகிறோம் என்று சொன்னதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். காடை முட்டை விற்கிறவள் வந்தாள், வாங்கிக் கொடுத்தேன். ஆரஞ்சு வந்தது, வாங்கிக் கொடுத்தேன். மழை வடிந்த வயல்களில் கீரை பச்சையாக நின்றது. எருமை ஒன்று கழுத்தளவு தண்ணீரில் கிடந்தது. ரயில் ஆடிக்கொண்டே மெதுவாகப் போயிற்று. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நான், அண்ணனைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா ஒத்திகையும், "இருந்தாலும் நீங்க ஒம்பது மணிக்கே வந்திருக்கணும்" என்றுதான் முடிந்தது.

நான் இப்படி வெளியே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மகன் கூடையின் கண்ணாடித் தாளை ஒரு பக்கம் கிழித்து, டின்னைத் திறந்து, பிஸ்கட்டை ருசி பார்த்திருந்தான். பிடிக்காத ரகத்தை ஒரு கடி கடித்துத் திரும்ப அடுக்கி வைத்திருந்தான். இன்சீனில் இறங்கும்போதுதான் கண்டோம். முதுகில் ஒன்று போட்டிருப்பேன், அவன் அப்பா முந்திக்கொண்டு தூக்கிக்கொண்டார். கிழிந்த பக்கத்தை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ரயில்வே லைன் வீட்டில் அண்ணி மட்டும் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வந்துட்டியா? இன்னும் ஆறு மாசம் ஆகும்னு நெனச்சேன்" என்றாள். பிள்ளைகளை இழுத்து முத்தமிட்டாள். "அண்ணன் கடைக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. உக்காருங்க தம்பி" என்று என் கணவருக்குப் பாய் போட்டாள். பிறகு என் பக்கம் குனிந்து, "ரெண்டு பேருக்கும் ஒங்கப்பாவோட ரோசம். நடுவுல கெடந்து நான் சாகுறேன்" என்றாள். அண்ணி இப்படித்தான், ஒளித்து வைக்கத் தெரியாது.

நாலு மணிக்கு அண்ணன் வந்தார். கையில் காய்கறிப் பை. எங்களைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். ஆறு மாதத்தில் மீசையில் நரை கூடியிருந்தது. அவர் கண் கூடை மேல் போயிற்று. குனிந்து கிழிசல் வழியே டின்னைப் பார்த்தார்.

"இந்த பிஸ்கோத்தைக் கடிச்சது யாரு?" என்றார்.

மகன் அப்பாவின் லுங்கிக்குப் பின்னால் ஒளிந்தான். அண்ணி சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் பையைக் கீழே வைத்தார்.

என் கணவர் எழுந்து, "அகோ, உட்காருங்கள்" என்றார். அகோ என்றால் பர்மியில் அண்ணன். நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணன், "அதெல்லாம் எதுக்கு மாப்ளே, நான் என்ன பொங்ஜீயா?" என்று பின்வாங்கினார். பொங்ஜீ என்றால் பிக்கு. அண்ணி அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். என் கணவரும் பிள்ளைகளும் தரையில் மண்டியிட்டார்கள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்குச் சொல்லிச் சொல்லி மந்திரம் மனப்பாடம். உடலால், வாக்கால், மனத்தால் என்று பர்மியில் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். அண்ணனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முட்டி மேல் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார்.

நான் நின்றுகொண்டிருந்தேன். கணவரின் உறவில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் மண்டியிட்ட முழங்கால், என் சொந்த அண்ணன் முன்னால் மடங்கவில்லை. அங்கேயெல்லாம் அந்த வார்த்தைகளுக்கு எனக்குப் பொருள் இருக்கவில்லை, அதனால் சுலபமாக இருந்தது. இங்கே வாக்கால் என்ற சொல் என் வாயைத்தான் சொன்னது. மகள் குனிந்த தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள், நீ வரவில்லையா என்பதுபோல. நான் அவள் பக்கத்தில் மண்டியிட்டேன். பர்மியில் சொல்ல வரவில்லை. ஒத்திகை பார்த்ததும் வரவில்லை.

"அண்ணே, அன்னிக்கு அத்தனை பேர் முன்னால நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் வாய்தான் தப்பு. நீங்க வராம இந்தத் தீபாவளி எனக்கு வேணாம்" என்றேன்.

அண்ணன் முதலில் பிள்ளைகளைக் கையைப் பிடித்து எழுப்பினார். பிறகு கேட்டார்.

"அது இருக்கட்டும். நீ எதுக்கு என்னை ஒம்பது மணிக்கு வரச் சொன்ன?"

"ஊசி எடுக்கிற நேரம் அதுதானேண்ணே."

"சனிக்கிழமை ஒம்பது மணி" என்றார். "அப்பா இருந்தா அந்த நேரத்துல வீட்டுல அடுப்பு பத்த வெக்க விடுவாரா?"

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டில், அதே அப்பாவுக்குப் பிறந்தவள் நான். ராகு காலத்தில் புதுச் செருப்புப் போடக்கூடாது என்று பள்ளிக்கூடத்துக்கு வெறுங்காலோடு போனவள்.

"எட்டரை மணிக்கே சடங்கு நடந்த எடத்துக்குப் பக்கத்து ஸ்டேசன்ல எறங்கிட்டோம்" என்றாள் அண்ணி. "ராகு காலம் போகட்டும்னு தட்டை மடியில வெச்சுக்கிட்டு பெஞ்சிலயே உக்காந்துட்டாரு. போனை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டாரு மனுசன். ஒரு எட்டுப் போய்ச் சொல்லிட்டு வந்துரலாம்னேன். அவளுக்குத் தெரியும்டீ, நம்ம வீட்டுப் பொண்ணு, காத்திருப்பாங்கன்னாரு."

"தாய்மாமன் வராம எவன் ஊசி எடுப்பான்னு நெனச்சேன்" என்றார் அண்ணன்.

அண்ணி சொன்னதைத் திக்கித் திணறி நான் கணவருக்குப் பர்மியில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பிக்குகள் உச்சிப்பொழுதுக்கு மேல் சாப்பிடக்கூடாது, அதனால் அவர்கள் பதினோரு மணிக்குள் உட்கார்ந்தாக வேண்டும், அதற்குள் சடங்கு முடிந்தாக வேண்டும், அதனால்தான் ஒன்பது மணி என்று அண்ணனிடம் சொன்னார். ஒருவருக்காக அத்தனை பிக்குகளைப் பட்டினி போட முடியாது என்று கெஞ்சுவதுபோல் சொன்னார். அண்ணன் யோசித்தார்.

"அதுவும் சரிதான்" என்றார். "சாமியாருங்க வயித்தைக் காயப்போடக் கூடாது."

நான் அழுதேன். சிரிப்பும் வந்தது. ஆறு மாதம் நான் அவரை என்னென்ன நினைத்தேன்! இளப்பம் என்றேன், வீம்பு என்றேன். அவர் அந்த நேரமெல்லாம், குழந்தைக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று, ரயில் வந்து போவதைப் பார்த்துக்கொண்டு மரப்பெஞ்சில் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதை அவரிடமே சொன்னேன். "சரி சரி, மூக்கைத் தொடை" என்றார்.

அண்ணி உள்ளே போய் அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து வந்தாள். மகள் பார்த்ததும், "எனக்கா?" என்று ஓடி வந்து மாமன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை, தானாகவே ஏறினாள். ஏழு வயதுக்கு உயரமான பிள்ளை. கால்கள் தரையைத் தொட்டன. அண்ணி அவள் காதில் இருந்த தோட்டைக் கழற்றக் கை வைத்தாள். அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு மணி முப்பத்தைந்து.

"ஞாயித்துக்கிழமை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. ராணுவச் சோதனைக்குப் பயந்து, இருட்டுவதற்குள் வீட்டுக்குள் இருப்பது இப்போதெல்லாம் இந்த ஊரில் எல்லாருக்கும் வழக்கம். ஐந்து மணி ரயிலில் திரும்புவதாக இருந்தோம். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மகளைக் கேட்டார், எதற்காக எல்லாரும் நிற்கிறோம் என்று. அவள் பெரிய மனுஷி மாதிரி பர்மியில் விளக்கினாள்: "ஒரு கெட்ட கிரகம் தெருவில் போய்க்கொண்டிருக்கிறது பேபே. ஆறு மணிக்குப் போய்விடும். அப்புறம் தோடு."

அவர் தலையாட்டினார். வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளை உள்ளே எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இன்று இங்கேயே படுத்துக்கொள்கிறோம்" என்றார். மகன் அதைக் கேட்டதும், அப்படியென்றால் நாளைக்கு மீதிப் பாதி ரயிலில் போய்ச் சுற்றை முடிக்கலாமா என்று கேட்டான். முடிக்கலாம் என்றோம்.

அண்ணி டீ போட்டாள். கடித்த பிஸ்கட்டுகளைத் தனியாக எடுத்து அவனுக்கே கொடுத்தாள். தெருவில் பிள்ளைகள் மெழுகுவர்த்தியை இப்போதே கல்லில் ஒட்டி வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்கு என்ன பலகாரம் என்று பேச்சுப் போயிற்று. முறுக்கா அதிரசமா என்று எனக்கும் அண்ணிக்கும் ஒரு சின்னச் சண்டை. அதிரசம் எனக்கு ஒருமுறைகூடச் சரியாக வந்ததில்லை என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். நான் பதிலுக்கு ஏதோ சொன்னேன். இந்தத் தடவை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இத்தனை நேரமும் மகள் மடியைவிட்டு இறங்கவில்லை. அவர் முட்டி மேல் உட்கார்ந்து மீன் விளக்கின் வாலை அவருக்கு ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஐந்தரை இருக்கும். அண்ணன் இடது பாதத்தை மெல்லத் தரையில் தட்டுவதை நான் பார்த்தேன்.

"இறங்குடி, மாமாவுக்குக் கால் மரத்துப் போயிருக்கும்" என்றேன்.

அவள் இறங்கப் போனாள். அண்ணன் அவள் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுப் பிடித்துக்கொண்டார்.

"மரத்துத்தான் போச்சு" என்றார். "இருக்கட்டும்."